'ஆண்மைச் சுரப்பி' எதற்கு? முன்னிற்குஞ்சுரப்பி இருக்கிறதே!

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மருத்துவ முகாம் என்றால் நோட்டீஸில் 'ஆண்மைச் சுரப்பி இரத்தப் பரிசோதனை' என்று போட்டுவிடுகிறார்கள். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடையாது.

புராஸ்டேட், 'முன்னே நிற்பவர்' என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. முன்னிற்குஞ்சுரப்பி அதன் நேர்ப் பெயர்ப்பு. வரலாறு அவ்வளவுதான்.

ஆண்மைக்குரிய இயக்குநீரை (ஹார்மோனை) பெரும்பாலும் சுரப்பது விரை. புராஸ்டேட்டோ, விந்தோடு கலக்கும் நீர்மத்தைத்தான் தருகிறது. 'ஆண்மை' என்று கண்டதும் குழந்தைப்பேறு சமாச்சாரம் என்று பெரியவர்கள் நழுவிவிடுகிறார்கள். இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிற அவர்கள்தான் வரவேண்டியவர்கள். இந்த முகாமில் இரத்தத்தில் பார்ப்பது பி.எஸ்.ஏ., அதாவது 'புராஸ்டேட் ஸ்பெசிபிக் ஆன்டிஜென்'. இன்னொரு கூத்து, அதில் வரும் ஆன்டிஜெனை 'எதிர்ப்பொருள்' என்பது. எதிர்ப்பொருள் என்றால், நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி ஐயா! ஆன்டிஜென், அதைத் தூண்டுவது. பி.எஸ்.ஏ.யோ உண்மையில் விந்தை இளக்கும் ஒரு நொதி.

சோதனைக்கு முன் 48 மணி நேரம் உடலுறவும் சைக்கிள் மிதிப்பதும் வேண்டாம், பி.எஸ்.ஏ. அளவு ஏறும். சிறுநீர்த் தொற்று வந்திருந்தாலோ, இந்தச் சுரப்பியில் சதை எடுத்துச் சோதித்திருந்தாலோ ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். புற்றில்லாத வெறும் வீக்கமும் அளவைக் கூட்டும்.

பி.எஸ்.ஏ. வருமுன் பார்த்துவந்த அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதி இன்னும் நொய்மையானது. சிவப்பணுவிலும் அது உண்டு. சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை, பிரிக்காமல் இரத்தக் குழாயை அப்படியே மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் குலுங்க அனுப்பினால், அணு உடைந்து அளவு பொய்யாக ஏறும். பிரித்த சீரத்தை வெயிலில் வைத்தால் நொதி செத்து இறங்கும். பிரித்து, குளிரில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

பெயர்க் குழப்பம் கணக்கையே கெடுப்பது மாத்திரை விஷயத்தில். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் பினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகும், 2.5 என்று வந்தால் 5 என்று கொள்ள வேண்டும். "ஆண்மைச் சுரப்பிக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "சேச்சே, இல்லீங்க" என்பார். அவருக்கு அது 'யூரின் மாத்திரை'. முடி கொட்டுவதற்கென்று பினாஸ்டிரைடு வாங்குகிறவரும் சொல்லமாட்டார். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு இரத்தம் எடுங்கள்.