கரண்டு போனால் சம்ப் என்ன செய்யும்?

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் வீட்டில் இரண்டடி உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் சம்ப், அதாவது மீன்தொட்டிக்குக் கீழே வைத்து பம்ப்பால் தண்ணீரைச் சுழற்றும் இரண்டாவது தொட்டி, வேண்டும் என்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மீன்கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் இறங்கவில்லை, கண்ணாடியில் பாசி படிவது நிற்கவில்லை. கீழே ஒரு தொட்டி வைத்து அதில் கடற்பாசி வளர்த்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகும். ஆனால் பாசியைப் பற்றிப் பேசும் முன் கரண்டைப் பற்றிப் பேச வேண்டும். இந்த எல்லைப் பகுதிக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இடி இடித்தால் ஒரே மாலையில் நாலைந்து முறை கரண்டு போய் வரும். போகும்போது மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். வரும்போது கீழ்த்தண்ணீர் மேலே ஏறும். இந்த இரண்டுக்கும் இடம் விட்டு அளவெடுக்காத சம்ப், வீட்டுத் தரையில் உப்புத்தண்ணீர் ஊற்றும் கருவிதான்.

24 × 12 × 15 அங்குலத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது சுமார் 1.86 லிட்டர். கீழ்த்தண்ணீரை மேலே கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாகத் திரும்பி இழுக்கும். வாய் வெளியே தெரியும்வரை விடாது. 9 லிட்டருக்கு மேல் கீழே வரும். குழாயிலும், மேல்தொட்டியில் வழிவதைக் கீழே இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பதைச் சேர்த்தால் 11 லிட்டர் என்று வையுங்கள்.

கீழே 20 × 12 × 12 அங்குல சம்ப். அதில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 1.55 லிட்டர். ஓடும்போது 18 செ.மீ. மட்டம் வைத்தால் மேலே 12 செ.மீ. காலி, அதாவது 19 லிட்டருக்கு இடம். 11 லிட்டர் வந்தாலும் தாங்கும். "தண்ணீர் கூட இருந்தால் நல்லதுதானே" என்று 25 செ.மீ. வரை நிரப்பியவருக்கு மிஞ்சுவது எட்டரை லிட்டர் இடம்தான். மீதி இரண்டரை லிட்டர் அலமாரிக்குள் போகும். ப்ளைவுட் அலமாரி என்றால் அதோடு அதன் கதை முடிந்தது.

ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழேயே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே குறையும். கூடவே, மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 4 அல்லது 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசியோ நத்தையோ அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்ப வேண்டாம். அதன் மூடியில் சுண்ணாம்பு படிந்தால் முழுதாக மூடாது, அது மூடவில்லை என்பது கரண்டு போகிற இரவில்தான் தெரியும்.

கரண்டு திரும்பி வரும் நேரத்துக்கு வேறு கணக்கு. தொட்டியில் துளை போடப் பயந்து, விளிம்பில் தொங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி வாங்குகிறார்கள். அதன் U குழாயில் காற்றுக்குமிழ் சேர்ந்தால், பம்ப் திரும்ப ஓடும்போது சைஃபன் பிடிக்காது. தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், கீழே இறங்காது. குறைந்த ஓட்டத்தில்தான் குமிழ் அதிகம் சேரும். சிறிய தொட்டிக்கு வைப்பதும் குறைந்த ஓட்டம்தான். இதற்குக் காப்பு, பம்ப் நிற்கும் அறையைச் சிறிதாக வைப்பது. 5 அங்குல அகல அறையில் 18 செ.மீ. மட்டமிருந்து, பம்ப் 4 செ.மீ. வரை உறிஞ்சினால் மேலே போவது சுமார் 5.4 லிட்டர். மேல்தொட்டியில் 4 செ.மீ. காலி இருந்தால் 7.4 லிட்டர் பிடிக்கும். வடிகால் முழுக்க அடைத்தாலும் தரை நனையாது.

எங்கள் தேர்வு துளை போட்ட தொட்டிதான். டெம்பர் செய்த கண்ணாடியில் துளை போட்டால் மொத்தமாக நொறுங்கும் என்பதால் முதலில் அதை உறுதி செய்யுங்கள். துளையில் பொருத்தும் குழாய் இணைப்பான பல்க்ஹெட்டைக் கையில் வாங்கி அளந்த பிறகே வைரத் துளைக்கருவியின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஒரே "ஒரு இன்ச்" என்று விற்பவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே துளை விட்டமளவாவது இடைவெளி விடுங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல் துளைக்க வேண்டும். முடிந்தால் இரண்டு துளை: ஒன்று ஓடுவதற்கு, மற்றது சற்று உயரத்தில் அவசரத்துக்குச் சும்மா நிற்பதற்கு. மொட்டைமாடி டாங்குக்குப் போடும் பித்தளை நிப்பிளை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். பித்தளையிலிருந்து கசியும் செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும்.

சம்ப்புக்குள் மூன்று அறை போதும். தண்ணீர் விழும் அறையில் வடிகட்டிப் பை, நடுவில் ரெஃப்யூஜியம் (பாசி வளரும் அறை), கடைசியில் பம்ப். ரெஃப்யூஜியத்துக்கும் பம்ப்புக்கும் இடையே ஓரங்குல இடைவெளியில் தடுப்புக் கண்ணாடிகள் வைத்தால் குமிழ்கள் அங்கேயே நிற்கும். பூஞ்சைத் தடுப்பு சேர்த்த பாத்ரூம் சிலிக்கான் கூடாது. ஒட்டியபின் வினிகர் வாசனை அடங்கும்வரை விட வேண்டும். பையை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை துவைக்காவிட்டால் அதுவே நைட்ரேட் தொழிற்சாலை.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரம் ஏறாத நிலைக்கானது. நாலடி மேலே தள்ள வேண்டிய பம்ப்புக்கு மேக்ஸ் ஹெட் (அது தள்ளக்கூடிய அதிகபட்ச உயரம்) இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கட்டும். மேலே போய்ச் சேர்வது மணிக்கு 300 முதல் 400 லிட்டர் இருந்தால் போதும். சதுர அலை இன்வர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும்; அந்த வீட்டுக்கு டி.சி. பம்ப் மேல். பிளக் போர்டை சம்ப்புக்கு நேர் மேலே ஆணியடிக்காதீர்கள். உப்பு ஊர்ந்து ஏறி அதற்குள் படியும். போர்டைப் பக்கச் சுவரில் வைத்து, ஒயர் பிளக்கைவிடத் தாழத் தொங்கி மேலேறும்படி விடுங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதலில் எலக்ட்ரீஷியன், பிறகு சம்ப்.

சம்ப் வந்தபின் ஆவியாதல் முழுதும் பம்ப் அறையில் மட்டுமே தெரியும். அறை சிறிது என்பதால் ஒரு லிட்டர் போனால் மட்டம் இரண்டரை செ.மீ. இறங்கும். மேலே ஃபேன் ஓடும் ஏப்ரல் மாதத்தில் நாளுக்கு இரண்டு லிட்டர்கூடப் போகலாம். இறங்கியதை ஆர்.ஓ. நன்னீரால் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல, உப்பு ஆவியாகாது. மொத்தம் 80 லிட்டர் அமைப்பில் 4 லிட்டர் குறைந்தாலே உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 37-ஐ நெருங்கிவிடும்.

மணலுக்கு வருவோம். மணவாளக்குறிச்சிப் பக்கக் கடற்கரையின் கறுப்பு மணல் பார்க்க அழகு. ஆனால் அது இல்மனைட், கார்னெட், சிர்கான், தோரியம் உள்ள மோனசைட் கலந்த கனிம மணல். காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் சுண்ணாம்பு அதில் கிடையாது. காந்தத்தில் ஒட்டும் துகள்கள் பம்ப் ரோட்டரில் சேர்ந்து தேய்க்கும், காந்தத் துடைப்பானில் ஒட்டிக் கண்ணாடியைக் கீறும். இந்த அளவு ரெஃப்யூஜியத்துக்கு மணலே வேண்டாம்.

கல் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து "லைவ் ராக்" (உயிரிகள் குடியிருக்கும் பவளக்கல்) என்று வருவதை வாங்குவது குற்றத்தில் முடியலாம். செத்த பவளமும் விலக்கல்ல. பீங்கான் கல்லோ செயற்கை உலர்கல்லோ வாங்கி, பாக்டீரியா குடியேற ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள்.

பாசியில் எங்கள் வாக்கு நூல்போலச் சுருண்டு வளரும் கீட்டோமார்ஃபாவுக்கு. திராட்சைக் குலைபோல இருக்கும் கௌலெர்பா நம் கரைப் பாறைகளிலேயே கிடைக்கும், வேகமாகவும் வளரும். ஆனால் திடீரென்று இனப்பெருக்கத்துக்குத் திரும்பினால் ஒரே இரவில் வெளுத்து, உள்ளிருப்பதையெல்லாம் கொட்டிவிடும். தண்ணீர் பச்சைப்பால் ஆகி ஆக்சிஜன் விழும். சிறிய தொட்டி அதைத் தாங்காது. கீட்டோவைக் கடலிலிருந்து எடுத்தால் தனி வாளியில் சில நாள் வைத்து, ஒளிந்திருக்கும் நண்டுகளைப் பொறுக்கிவிட்டுப் போடுங்கள். குழித்துறையாறு கலக்கும் தேங்காய்ப்பட்டணம் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீரும் எடுக்காதீர்கள், பாசியும் எடுக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் 10 வாட் எல்.இ.டி. ஃப்ளட் விளக்கு போதும். மேல்தொட்டி விளக்கு அணையும் இரவில் 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும். இரவில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடைப் பாசி இழுத்துக்கொள்வதால் பி.எச். அதிகம் விழாது. அறை நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி வெளியே எறியுங்கள். நைட்ரேட் தொட்டியை விட்டுப் போவது இந்த எறிதலில்தான். வெட்டாமல் விட்டால் அடிப்பாகம் அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமானாலும் கீட்டோ வெளுத்துச் சாகும். அப்போது மருந்து தேட வேண்டாம், மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

முதலில் நன்னீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மெயின் சுவிட்சைப் பத்து முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். தாங்கும் மட்டத்தை சம்ப் கண்ணாடியில் வெளியே மார்க்கரால் கோடு போட்டு, அதற்கு மேல் ஊற்றக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. ரெஃப்யூஜியத்தில் கோபிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுயிரி பெருகும், மேலேயும் போகும். அதை நம்பி மாண்டரின் மீன் கேட்காதீர்கள். அது நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். பத்து லிட்டர் அறை அதற்குச் சில வாரம்தான் சோறு போடும்.