ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கை: தகுதி முதல் விசா வரை

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். பலரை அந்நாட்டின் பக்கம் திருப்புவது இந்த ஒரு செய்திதான். விண்ணப்பிக்கத் தொடங்கிய பிறகு தெரிய வருவது வேறொன்று. அங்கே சேர்க்கை என்பது ஒரே அலுவலகத்தில், ஒரே விண்ணப்பத்தோடு முடிந்துவிடும் காரியமல்ல. சான்றிதழ் செல்லுபடியாகுமா என்று பார்ப்பது ஓர் அமைப்பு, இடம் ஒதுக்குவது பல்கலைக்கழகம், நாட்டுக்குள் வர அனுமதிப்பது தூதரகம். மூன்றுக்கும் கால அட்டவணை தனித்தனி, ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதும் இல்லை. எனவே எந்தத் தாளை எப்போது வாங்கி வைக்க வேண்டும் என்ற வரிசை, மதிப்பெண்ணுக்கு இணையான முக்கியத்துவம் உடையது.

முதலில் கட்டணத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஜெர்மனியில் கல்வி மாநில அரசுகளின் பொறுப்பு என்பதால் விதிகள் 16 மாநிலங்களிலும் ஒன்றுபோல இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-18 குளிர்காலப் பருவத்திலிருந்து (பருவம் என்பது இங்கே செமஸ்டர்) ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. பவேரியாவில் உள்ள மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவம் முதல், புதிதாகச் சேரும் இத்தகைய மாணவர்களிடம் இளநிலைக்குப் பருவத்துக்கு 2,000 அல்லது 3,000 யூரோவும், முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோவும் பெறுகிறது. கட்டணமே இல்லாத இடங்களிலும் பருவப் பங்களிப்புத் தொகை என்று ஒன்று உண்டு. மாணவர் நல அமைப்புக்கும், பல ஊர்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டுக்கும் சேரும் இத்தொகை, இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 100 முதல் 350 யூரோ வரை இருக்கும்.

அடுத்தது தகுதி. ஜெர்மனியின் பள்ளி இறுதித் தேர்வு அபிட்டூர். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் அதற்கு ஈடாகுமா என்பதை அனபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில், நாட்டின் பெயரைக் கொண்டு யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இந்திய மாணவர் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இளநிலைப் படிப்பில் நேரடியாகச் சேர இயலாது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் படிப்பை வெற்றிகரமாக முடித்திருந்தால் அதே துறை சார்ந்த படிப்புக்கும், ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தால் தொழில்நுட்ப, அறிவியல் படிப்புகளுக்கும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். நேரடித் தகுதி இல்லாதவர்களுக்காக உள்ள வழி ஷ்டூடியன்கோலெக் எனப்படும் ஆயத்த வகுப்பு. வழக்கமாக இரண்டு பருவங்கள் நடைபெறும் இவ்வகுப்பின் முடிவில் ஒரு தகுதித் தேர்வு உண்டு. பாடம் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும் என்பதால், இதில் சேர்வதற்கே நுழைவுத் தேர்வும் ஓரளவு ஜெர்மன் அறிவும் தேவைப்படும்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு கட்டாயமும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல், மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். அரசு உதவித்தொகை பெறுவோர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. மாணவரின் கல்வி ஆவணங்கள் உண்மையானவை, அவை ஜெர்மன் உயர்கல்விக்குத் தகுதி அளிப்பவை என்று ஜெர்மன் தூதரகத்தின் கல்வி மதிப்பீட்டு மையம் சரிபார்த்துத் தரும் சான்று இது. கட்டணம் 18,000 ரூபாய். சீனாவிலும் வியட்நாமிலும் இதே ஏற்பாடு உண்டு, இலங்கை மாணவர்களுக்கு இல்லை. விசாவுக்குத்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுவது சரியல்ல. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே ஏபிஎஸ் சான்றிதழைக் கேட்கின்றன. அதிகம் பேர் விண்ணப்பிக்கும் மாதங்களில் சரிபார்ப்பு நீண்டுவிடும் என்பதால், விண்ணப்பக் காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

ஆவணங்களைப் பெறும் முறையில் பல்கலைக்கழகங்கள் மூன்று வகைப்படும். சில தம்முடைய இணையதளத்திலேயே விண்ணப்பத்தை நேரடியாகப் பெற்றுக்கொள்கின்றன. வேறு பல, பெர்லினில் இயங்கும் ஊனி-அசிஸ்ட் என்ற பொதுச் சேவை அமைப்பின் வழியாகப் பெறுகின்றன. மூன்றாம் வகையில், சான்றிதழ்களைப் பார்த்துத் தரப்படும் முன்மதிப்பீட்டு ஆவணம் ஒன்றை ஊனி-அசிஸ்டிடம் வாங்கிய பிறகு, மாணவரே அதைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஊனி-அசிஸ்ட் ஒரு பருவத்துக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் பெறுகிறது. பணம் வந்து சேர்ந்த பிறகே கோப்பைத் திறந்து பார்க்கும். பார்த்து முடிக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கலாம். இடம் கொடுப்பதும் மறுப்பதும் அதன் கையில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று அங்கிருந்து வரும் மின்னஞ்சல், முதல் வாசல் கடந்தாயிற்று என்பதைத்தான் சொல்கிறது. சேர்க்கை கிடைத்ததாகப் பொருளில்லை.

மதிப்பெண் மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 என்பது கடைசித் தேர்ச்சி நிலை. அதாவது எண் குறையக் குறையத் தரம் கூடுகிறது. வெளிநாட்டு மதிப்பெண்களை இந்த அளவுக்கு மாற்ற, மாற்றியமைக்கப்பட்ட பவேரிய வாய்பாடு என்ற கணக்கு பயன்படுகிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை, உச்ச மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துப் புள்ளி முறையில் 7.2 சராசரி பெற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி எல்லை 4 என்றால் அவருக்கு 2.4 வரும். மற்றவருடைய பல்கலைக்கழகத்தில் எல்லை 5 என்றால் 2.68 வரும். முதுநிலைப் படிப்புகள் பலவும் 2.5 என்ற வரம்பை வைத்திருப்பதால், ஒரே சராசரி வைத்திருந்தும் முதலாமவர் உள்ளே, இரண்டாமவர் வெளியே. இது நியாயமா என்று கேட்கலாம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் போடப்படுகிறது. ஆகவே உச்ச மதிப்பெண்ணும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணும் மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட கடிதமாக வாங்கி இணைக்க வேண்டும்.

முதுநிலைக்கு விண்ணப்பிப்பவர்கள் சராசரியோடு நின்றுவிடக் கூடாது. எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்பதைப் படிப்புக்கான விதிமுறை ஆவணம் துல்லியமாகச் சொல்லும். கணிதத்தில் கிரெடிட் போதவில்லை என்பதற்காக, மிக நல்ல மதிப்பெண் உள்ள விண்ணப்பமும் தள்ளப்படலாம். பாடத்திட்ட விவரத்தைக் கல்லூரியிடமிருந்து முன்கூட்டியே பெற்று வைத்திருந்தால், எந்தப் பாடம் எந்தத் தேவையை நிறைவு செய்கிறது என்று காட்ட முடியும்.

ஜெர்மன் வழிப் படிப்புகளுக்கு, ஜெர்மன் மொழித் திறனைச் சோதிக்கும் டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் நான்காம் நிலை, அல்லது டிஎஸ்எச் தேர்வில் இரண்டாம் நிலை வழக்கமாகக் கேட்கப்படுகிறது. ஆங்கில வழிப் படிப்புகளுக்கு ஐஈஎல்டிஎஸ் அல்லது டோஃபல் மதிப்பெண் தேவை. கல்லூரியில் பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. எழுத்துபூர்வமாக உறுதி செய்துகொள்ளாமல் அதை நம்பியிருக்கக் கூடாது.

குளிர்காலப் பருவம் அக்டோபர் 1-லும், கோடைப் பருவம் ஏப்ரல் 1-லும் தொடங்குகின்றன. இடக்கட்டுப்பாடு உள்ள இளநிலைப் படிப்புகளுக்கு முறையே ஜூலை 15, ஜனவரி 15 என்பவை பொதுவான கடைசி நாட்கள். முதுநிலைக்கு அப்படிப் பொது நாள் எதுவும் கிடையாது; குளிர்காலப் பருவத்துக்கான விண்ணப்பத்தை மார்ச்சுக்கு முன்பே முடித்துவிடும் துறைகளும் உண்டு. கடைசி நாள் என்பது விண்ணப்பம் முழுமையாக வந்து சேர வேண்டிய நாளே தவிர, அனுப்பும் நாள் அல்ல.

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு பணத்துக்கான சான்று முன்னுக்கு வருகிறது. கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும், முதல் ஓராண்டுக்கான வாழ்க்கைச் செலவு கையில் இருப்பதை மாணவர் காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல் இந்தத் தொகை மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. பிளாக்டு அக்கவுண்ட் என்று மாணவர்கள் சொல்லும் முடக்கக் கணக்கில் இதைச் செலுத்துவதே பெரும்பாலோர் பின்பற்றும் வழி. பணம் மாணவருடையதுதான், யாருக்கும் கட்டணமாகப் போய்விடுவதில்லை. ஆனால் ஜெர்மனி சென்று நடப்புக் கணக்கு தொடங்கிய பிறகு, மாதந்தோறும் 992 யூரோ என்ற அளவில் மட்டுமே அது விடுவிக்கப்படும். பணம் அனுப்பும்போது இடையில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொண்டு, போய்ச் சேரும் தொகை சில யூரோக்கள் குறைந்துவிடுவது சாதாரணமாக நடப்பது. தொகை முழுமையாகச் சேராமல் உறுதிக் கடிதம் கிடைக்காது என்பதால், கட்டணத்தை அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுத்துச் சிறிது கூடுதலாகவே அனுப்புவது பாதுகாப்பானது. ஜெர்மனியில் வசிப்பவர் ஒருவர் அயல்நாட்டவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் சட்டப் பொறுப்புறுதி, அல்லது அங்கீகரிக்கப்பட்ட உதவித்தொகைக் கடிதம் ஆகியவை மாற்று வழிகள். அங்கே போய்ப் பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்வேன் என்ற விளக்கம் முதல் விசாவுக்குச் செல்லாது.

படிப்புக்கு வேண்டியது தேசிய விசா. அதன் கட்டணம் 75 யூரோ. விசா பெற்றுச் செல்ல வேண்டிய நாட்டவர்கள் சுற்றுலா விசாவில் சென்று அங்கேயே மாணவர் அனுமதியாக மாற்றிக்கொள்ள முடியாது. தேசிய விசாக்களுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும் தளம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. என்றாலும் கைரேகைக்கும் மூல ஆவணங்களுக்கும் நேரில் செல்ல வேண்டும். மறுப்பு வந்தால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கோரும் பழைய வழி 2025 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஆவணங்களைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடரலாம். வகுப்பு தொடங்கும் நாள் நெருங்கும் நிலையில் இரண்டுமே ஆறுதல் தருபவை அல்ல, ஆகவே முதல் கோப்பிலேயே குறை இல்லாமல் பார்த்துக்கொள்வது மேல்.

ஜெர்மனியில் இறங்கியதும் மூன்று வேலைகள் காத்திருக்கும். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையொப்பமிட்ட உறுதிப் படிவம் தேவை. பதிவு செய்ய ஒப்புக்கொள்ளாத வாடகை அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தவிர்க்க வேண்டியதற்குக் காரணம் இதுவே. அடுத்து மருத்துவக் காப்பீடு. பொதுக் காப்பீட்டில் 30 வயது வரை மாணவர் சலுகைக் கட்டணம் உண்டு, காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் தகவல் அனுப்பிய பிறகுதான் சேர்க்கைப் பதிவு முடியும். தொடக்கத்தில் மலிவாகத் தெரிகிறது என்று தனியார் காப்பீட்டுக்காக விலக்கு வாங்குபவர், படிப்பு முடியும் வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. மூன்றாவது, விசா காலாவதியாகும் முன் அயல்நாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பது. நியமன நேரம் கிடைக்கத் தாமதமாகும் ஊர்கள் பல என்பதால், வந்த உடனேயே நேரம் கேட்டு வைக்க வேண்டும். பின்னர் இந்த அனுமதியைப் புதுப்பிக்கும்போது செலவுக்கான பணச் சான்று மீண்டும் கேட்கப்படும்.

2024 மார்ச் 1 முதல், வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். முன்பு இது 120, 240 என்று இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே செய்யும் மாணவர் உதவியாளர் பணி இந்தக் கணக்கில் சேராது. சுயதொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும். பட்டம் பெற்ற பிறகு, படிப்புக்கு ஏற்ற வேலை தேட 18 மாதங்கள் வரை வசிப்பு அனுமதி கிடைக்கும். அந்தக் காலத்தில் செலவுக்காக எந்த வேலையும் செய்யலாம். ஆனால் இந்த அனுமதி தானாக வந்துவிடாது. மாணவர் அனுமதி முடிவதற்குள் உரிய ஆவணங்களோடு விண்ணப்பித்துப் பெற வேண்டும்.