தைப்பூச விரதமும் மூணாவது நாள் ராத்திரியும்

எங்க மாமா மலேசியாவுல பினாங்கு ஜெலுத்தோங்ல இருந்தாரு, லோரி ஓட்டுற வேலை, இருபது வருஷமா ராத்திரியில சம்சுங்கிற மலிவு சாராயம், கடைசி நாலஞ்சு வருஷம் காலையிலயும். ஆனா தைப்பூசம் நெருங்கிட்டா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு பால்குடம் எடுக்கணும்னு விரதம் எடுத்துடுவாரு, அன்னைக்கே இருக்கிற பாட்டில சாக்கடையில ஊத்திட்டு ஒரு சொட்டு தொடமாட்டாரு. மொத வருஷம் கை நடுக்கம், வேர்வை, ரெண்டு மூணு நாள் தூக்கமில்ல, அப்புறம் சரியாயிடுச்சு, பூசம் முடிஞ்ச ஒரு வாரத்துல திரும்ப குடி. ரெண்டாவது வருஷம் விரதம் எடுத்த மறுநாளே வலிப்பு வந்துச்சு. மூணாவது வருஷம் வலிப்போட நிக்கல. மூணாவது நாள் ராத்திரி கட்டில்ல உக்காந்து இல்லாத ஸ்டியரிங்க பிடிச்சு திருப்பிக்கிட்டே இருக்காரு, பக்கத்துல யாருமே இல்ல, கெலிண்டான்கிட்ட, அதாவது லோரி உதவியாள்கிட்ட, பேசுற மாதிரி "சாமான் சரியுதுடா, கயித்த பாருடா"ன்னு கத்துறாரு, உடம்பு அனலா கொதிக்குது. அத்தை விபூதி பூசுனாங்க, பக்கத்து வீட்டுல விரதத்துல ஏதோ தீட்டு பட்டுடுச்சுன்னாங்க, அதுலயே அரை நாள் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, இவரு உடம்புல இப்ப சாராயம் கொஞ்சங்கூட இல்லம்மா, அதனாலதான் இப்படின்னு.

இது எங்க யாருக்குமே புரியல. குடிச்சா ஆபத்துன்னு தெரியும், நிறுத்துனா எப்படி ஆபத்து? அன்னைலேர்ந்து நான் இத தேடி தேடி படிச்சுக்கிட்டு இருக்கேன், புரிஞ்சத எழுதுறேன், ஏன்னா ஒவ்வொரு வருஷமும் விரத மாசத்துல எத்தனை வீட்டுல இந்த மாதிரி நடக்குதோ.

பொங்கல் விழாவுல கயிறு இழுக்கிற போட்டி வைப்பாங்கல்ல, மூளைக்குள்ள எப்பவும் அது நடந்துக்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் காபான்னு ஒரு ரசாயனம், நரம்ப அடக்கி அமைதிப்படுத்துறது. எதிர்ப்பக்கம் குளுட்டமேட், உசுப்பி விடுறது. ரெண்டும் சரிசமமா இழுத்தாதான் நாம நிதானமா இருப்போம். சாராயம் உள்ள போனா காபா பக்கம் சேர்ந்து இழுக்கும், குளுட்டமேட் பக்கத்து ஆளுங்க கையவும் தட்டி விடும், அதான் குடிச்சவுடனே வர்ற அந்த சொகம். எப்பவாச்சும் குடிக்கிறவனுக்கு அது ராத்திரியோட போயிடும். தினமும் குடிக்கிறவன் மூளை சும்மா இருக்காது, கயிறு ஒரே பக்கமா போகுதேன்னு காபாவ வாங்கிக்கிற ஏற்பிகள கொறைச்சு மந்தமாக்கிடும், குளுட்டமேட் பக்கம் ஆள் சேர்த்துக்கும். அப்புறம்தான் அவனுக்கு முன்ன மாதிரி போதை ஏறாது, அளவு கூடும். பாக்க அவன் தெளிவாதான் இருப்பான், "எங்க வீட்டுக்காரரு எவ்ளோ குடிச்சாலும் ஸ்டெடியா இருப்பாரு"ன்னு சில பேரு பெருமையாவே சொல்றாங்க, ஆனா உள்ள கயித்துக்கு ரெண்டு பக்கமும் ஆளுங்க மாறிப் போயிருக்காங்க. இப்ப சாராயம் ஒரே நாள்ல கைய விட்டா என்ன ஆகும்? அமைதிப்படுத்துற பக்கத்துல ஆளே இல்ல, உசுப்புற பக்கம் முழு பலத்தோட இழுக்குது. நடுக்கம், படபடப்பு, வலிப்பு எல்லாமே அந்த இழுப்புதான்.

அதுக்குன்னு ஒரு நேரக்கணக்கும் இருக்கு. கடைசியா குடிச்சு 6 மணி நேரத்துலேர்ந்து கை நடுக்கம், வேர்வை, குமட்டல், பயம். வலிப்பு வர்றதா இருந்தா பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள்ள வந்துடும். அதுக்கப்புறம் 48 மணியிலேர்ந்து 96 மணிக்குள்ள, அதாவது மூணாவது நாலாவது நாள்ல வர்றதுதான் மோசமான சன்னி. எங்க இருக்கோம்னே தெரியாது, இல்லாத எறும்பு, பூச்சி, ஆளுங்கல்லாம் தெரியும், காய்ச்சல் ஏறும், இருதயம் ஓடும், ரத்த அழுத்தம் ஏறும். பண்ணுற வேலையவே கையால பண்ணிக்கிட்டிருக்கிறதும் இந்த சன்னியில உண்டுன்னு படிச்சப்ப எனக்கு மாமாவோட ஸ்டியரிங்தான் ஞாபகம் வந்துச்சு. எல்லாருக்கும் இது வராது, நிறுத்துற நூறு பேர்ல சில பேருக்குத்தான், ஆனா வைத்தியம் பாக்காம விட்டா உயிர் போகும், அதுல சந்தேகமே இல்ல. ரெண்டு நாள் தாண்டிட்டாரு, இனி பயமில்லன்னு வீட்டுல நினைக்கிற நேரத்துலதான் இது வரும், அதான் கொடுமை.

இந்த சன்னிக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ்னு தாமஸ் சட்டன்ங்கிற இங்கிலாந்து டாக்டர் 1813-ல பேரு வச்சாரு. ஆனா இது குடியால வருதா, குடிய நிறுத்துறதால வருதா, இல்ல சாப்பாடு இல்லாம வருதான்னு அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல சண்டை. 1955-ல அமெரிக்காவுல லெக்சிங்டன்ல ஹாரிஸ் இஸ்பெல்னு ஒரு ஆராய்ச்சியாளர் 10 பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் குடுத்துக்கிட்டே தினமும் நிறைய சாராயம் குடுத்து பாத்தாரு (இன்னைக்கு யாரும் இதுக்கு அனுமதி குடுக்கமாட்டாங்க, குடுக்கவும் கூடாது). சீக்கிரம் விலகுனவங்களுக்கு லேசான நடுக்கத்தோட போச்சு. 48 நாள்லேர்ந்து 87 நாள் வரைக்கும் குடிச்சவங்கள்ல சில பேருக்கு, திடீர்னு நிறுத்துனவுடனே வலிப்பும் சன்னியும் வந்துச்சு. சாப்பாடு குறை இல்ல, நிறுத்துனதுதான் காரணம்னு அதுல தெளிவாச்சு. 48 நாள்னா நமக்கு ஒரு மண்டலம். ஒரு மண்டலம் தொடர்ந்து நிறைய குடிச்சாலே இப்படி ஆகலாம்னா இருபது வருஷம்?

அளவையும் சொல்லிடுறேன். 150 மில்லி சம்சு பாட்டில்ல 37 சதவீதம் சாராயம்னு வச்சுக்கிட்டா உள்ள சுமார் 44 கிராம், 5 சதவீத பியர் 320 மில்லி டின்ல சுமார் 13 கிராம். அதாவது ஒரு சின்ன பாட்டிலே மூணரை டின் பியர். "சின்ன பாட்டில்தானே"ன்னு நாங்களும் சொல்லிக்கிட்டு இருந்தவங்கதான்.

ஆஸ்பத்திரியில என்ன பண்றாங்க? சாராயம் விட்ட எடத்துல வேற ஒரு ஆள நிக்க வைக்கிறாங்க. டயஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு மாதிரி மருந்துங்க காபா பக்கமே சேர்ந்து இழுக்கும். ஆனா சாராயம் மாதிரி சட்டுனு விட்டுட்டு ஓடாது, உடம்புல ரொம்ப நேரம் நின்னு மெதுவா இறங்கும், அஞ்சாறு நாள்ல டாக்டரும் அளவ கொஞ்சங்கொஞ்சமா கொறைப்பாரு, அதுக்குள்ள மூளை தன் ஆளுங்கள திரும்ப சேர்த்துக்கும். குளோர்டயஸிபாக்ஸைடு 1960-ல சந்தைக்கு வந்துச்சு. 1969-ல வெளிவந்த ஒரு ஆய்வுல 537 பேர பிரிச்சு வேற வேற மருந்து குடுத்து பாத்தப்ப இதுலதான் வலிப்பும் சன்னியும் ரொம்ப கம்மி. கல்லீரல் ரொம்ப கெட்டுப் போனவங்களுக்கு லோராஸிபாம் குடுப்பாங்க, அத உடைக்கிறதுல கல்லீரலுக்கு பாரம் கம்மி.

எவ்ளோ மருந்துன்னு குத்துமதிப்பா குடுக்கிறது கிடையாது. நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒரு தடவ வந்து மாமாவ கைய நீட்டச் சொல்லி நடுக்கத்த பாப்பாங்க, உள்ளங்கை ஈரமா இருக்கான்னு பாப்பாங்க, தோல்ல ஏதாச்சும் ஊறுதா, வெளிச்சம் கண்ண கூசுதா, இன்னைக்கு என்ன தேதின்னு கேப்பாங்க. மொத்தம் 10 கேள்வி, 67 மார்க், மார்க் ஏற ஏற மருந்து ஏறும். அத்தை அத பாத்துட்டு "என்ன இது, வந்து வந்து தேதியே கேக்குறாங்க"ன்னு கோவப்பட்டாங்க, அதுதான் அவர காப்பாத்துதுன்னு பின்னாலதான் புரிஞ்சுது. இதே மாத்திரைய எங்கயாச்சும் வாங்கி வீட்டுல குடுத்துடலாம்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க, அதுக்கு மேல அவரு குடிச்சுட்டா மூச்சே நின்னுடும்.

இன்னொன்னு, தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. ரொம்ப நாள் குடிச்சவங்க உடம்புல இது வத்திப் போயிருக்கும். மூளை சர்க்கரைய எரிக்க தயமின் வேணும், இல்லாம வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து கண்ணு ஒரு மாதிரி போய், நடை தள்ளாடி, ஞாபகமே நிரந்தரமா போயிடலாம். "ஒரு குளுக்கோஸ் போட்டா தெளிஞ்சுடுவாரு"ன்னு நம்ம ஆளுங்க சொல்றது அவ்ளோ ஆபத்து, குளுக்கோஸுக்கு முன்னாடியே இல்லன்னா கூடவே தயமின் போகணும். இந்த வைட்டமின் கதையில நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு, இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். நூறு வருஷத்துக்கு முன்ன மலாயாவுல, அதாவது இன்னைக்கு மலேசியாவுல, பெரிபெரிங்கிற சத்துக்குறைவு நோய் கொத்து கொத்தா ஆள கொன்னப்ப தமிழங்களுக்கு மட்டும் அது ரொம்ப கம்மியா இருந்துச்சு, காரணம் நம்ம புழுங்கல் அரிசி. வில்லியம் ஃப்ளெட்சர்னு ஒரு டாக்டர் 1905 கடைசியிலேர்ந்து ஒரு வருஷம் கோலாலம்பூர் மனநல விடுதியில பாதி பேருக்கு தீட்டின வெள்ளை அரிசி, பாதி பேருக்கு புழுங்கல் அரிசி குடுத்து பாத்து இத காட்டுனாரு. நெல்ல அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற சத்து அரிசிக்குள்ள இறங்கிடுது, அந்த சத்துதான் பின்னால தயமின்னு தெரிஞ்சுது.

ஹெராயின் கதை வேற. அத நிறுத்துனா உடம்பு முறுக்கி, வாந்தி பேதின்னு நரக வேதனை, ஆனா சாராயம் மாதிரி வலிப்பு சன்னி வந்து சாகிறது அபூர்வம். அதுல ஆபத்து நிறுத்துனதுக்கு அப்புறம், உடம்பு பழக்கம் விட்டுப் போயிருக்கும், பழைய அளவையே திரும்ப போட்டா மூச்சு நின்னுடும். அதான் மலேசியாவுல 2005-லேர்ந்து ஹெராயினுக்கு பதிலா மெத்தடோன்ங்கிற மருந்து குடுக்கிறாங்க, பழக்கத்த அப்படியே பிடிச்சு நிதானமா நடத்திக்கிட்டு போக.

மாமாவுக்கு வருஷா வருஷம் ஏன் மோசமாச்சு? இதுக்கும் விளக்கம் இருக்கு. ஒவ்வொரு தடவ திடீர்னு நிறுத்தும்போதும் மூளை சூடேறுன விறகு மாதிரி ஆகிடுது, அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா இன்னும் பெருசா பத்திக்கும். அதனால முன்ன ஒரு தடவ வலிப்பு வந்தவங்க இனிமே வீட்டுல தனியா நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரிக்கு போற வரைக்கும் திடீர்னு நிறுத்தாதீங்க, ஏற்கனவே நிறுத்தி வலிப்போ குழப்பமோ வந்துட்டா உடனே ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, மலேசியாவுல 999.

ஒரு வாரத்துல மாமா தெளிஞ்சு வீட்டுக்கு வந்தாரு, ஸ்டியரிங் பிடிச்சது எதுவும் அவருக்கு ஞாபகமில்ல. அந்த ஒரு வாரம் உடம்பதான் சரி பண்ணும், குடிக்கணும்ங்கிற எண்ணத்துக்கு கவுன்சிலிங், மாத்திரைன்னு வேற வைத்தியம் வேணும்னு டாக்டர் சொல்லியும் மாமா போகல, நாலு மாசத்துல திரும்ப ஆரம்பிச்சுட்டாரு. அத்தை அழுதாங்க, ஆனா திட்டல. அடுத்த மார்கழியில "விரதம் எடுக்கணும், மொதல்ல டாக்டர பாக்கணும்"னு மாமாவே சொன்னாரு, நான்தான் கார்ல கூட்டிட்டு போய் அட்மிட் பண்ணுனேன். மூணாவது நாள் ராத்திரி வார்டுல பக்கத்துல உக்காந்திருந்தேன். கைய போர்வைக்கு மேல வச்சுக்கிட்டு தூங்கிட்டு இருந்தாரு, நர்ஸ் வந்து எழுப்பி தேதி கேட்டாங்க, சரியா சொன்னாரு.