மார்ச்சிங் பேண்டும் பிள்ளைகளின் செவிகளும்

டெக்சாஸில் செவித்திறன் வல்லுநராகப் பணிபுரியும் என்னிடம் இலையுதிர் காலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதிகமாக வருவார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களும் சனிக்கிழமைகளில் மார்ச்சிங் பேண்ட் எனப்படும், அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் பள்ளி இசைக்குழுக்களின் போட்டிகளும் நடக்கும் பருவம் அது. அவ்வாறு வந்தவர்களுள் ஒருவன் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பையன். பேண்டின் தாள வாத்தியப் பிரிவான டிரம்லைனில், குச்சிகளால் அடிக்கும் ஸ்நேர் டிரம் வாசிப்பவன். பயிற்சி முடிந்த இரவுகளில் காதுக்குள் 'ஙொய்' என்று இரைவதாகவும் காலையில் அது நின்றுவிடுவதாகவும் சொன்னான். "அது எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றதுதானாம் டாக்டர், போகப் போகப் பழகிடுமாம்" என்றார் அவனுடைய அம்மா.

செவி சத்தத்துக்குப் பழகுவதில்லை. உட்செவியின் நத்தைச் சுருளில், ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. மிகுந்த சத்தத்தில் அவை களைத்துப் போவதையே அந்த இரைச்சலும் காதடைப்பும் காட்டுகின்றன. ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். மீளாமல் மடிந்த செல்லுக்கு மாற்றாக மனித உடலில் புதிய செல் முளைப்பதில்லை. காலையில் இரைச்சல் நின்றதை முழு நலத்துக்குச் சான்றாகக் கொள்ளவும் நான் தயங்குகிறேன். 2009இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய இருவரும் சுண்டெலிகளிடம் நடத்திய ஆய்வில், கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் மயிர்ச்செல்களைச் செவி நரம்போடு இணைக்கும் தொடர்புகளில் கணிசமானவை அழிந்திருந்தன.

சத்தத்தின் அளவோடு அதைக் கேட்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும். அமெரிக்கத் தேசியப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ், நாளொன்றுக்கு 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் என்று வரம்பு வகுத்திருக்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடம். சராசரியாக 94 டெசிபல் சத்தத்தில் மூன்று மணி நேரம் பயிற்சி செய்யும் மாணவன், மூன்று நாளுக்கு உரிய சத்தத்தை ஒரே மாலையில் வாங்கிக்கொள்கிறான். பகலில் பேண்ட் வகுப்பும், திரும்பும் பேருந்தில் காதில் மாட்டிய ஹெட்போனும் இதனோடு சேரும். இந்த வரம்பு தொழிலாளர்களுக்காக வகுக்கப்பட்டது. மாணவர்கள் ஊழியர்கள் அல்லர் என்பதால் பணியிடச் சத்தம் குறித்த சட்டங்கள் அவர்களைக் காப்பதில்லை.

ஸ்நேர் டிரம்மில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெருஞ்சத்தம் கேட்டதும் நடுச்செவியின் ஸ்டேப்பீடியஸ் தசை சுருங்கி, உள்ளே செல்லும் ஒலியைச் சற்றுக் குறைக்கும்; ஆனால் அது சுருங்கி முடிப்பதற்குள் குச்சியின் அடி உட்செவியை அடைந்துவிடுகிறது. கோயில் திருவிழாவில் தவிலுக்கு மிக அருகே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த அதிர்வு நினைவிருக்கும். இந்தப் பிள்ளைகள் அதற்கு நிகரானதை வாரத்தில் பல நாள், பல மணி நேரம் கேட்கிறார்கள்.

இதைச் சொன்னதும் பெற்றோரில் சிலர் பிள்ளையைப் பேண்டிலிருந்து விலக்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். புதிதாகப் பள்ளிக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, வகுப்புகள் தொடங்கும் முன்னரே, ஆகஸ்டு வெயிலில் ஒன்றாக அடியெடுத்து வைத்துப் பழகிய ஒரு கூட்டம் நண்பர்களாக வாய்க்கிறது. அதை இழக்கச் செய்வதும் ஒரு சேதமே. செவியைக் காப்பதற்கு எளிய வழி இருக்கிறது.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் மேல் சுருதிகளைக் கூடுதலாக அடைத்துவிடுவதால் எல்லாமே மந்தமாகக் கேட்கும். பிள்ளைகள் அதைக் கழற்றி எறிவதில் வியப்பில்லை. இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் வேறு வகை. எடிமோட்டிக் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த ஈஆர்-15 என்னும் வடிகட்டி, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 டெசிபல் குறைக்கிறது. மேலே சொன்ன 94 டெசிபல் அப்போது 79 ஆகிவிடும். இசையின் நிறம் மாறாது. வளரும் வயதில் காதுக் குழாயின் அளவும் மாறும் என்பதால், பலருக்கும் பொதுவாகப் பொருந்தும் மலிவான வகையிலேயே தொடங்குமாறு சொல்கிறேன்.

டிரம் வாசிப்பவர்கள் இதற்கு விரைவில் இசைந்துவிடுகிறார்கள். டிரம்பெட், கிளாரினெட் வாசிப்பவர்களின் மறுப்பில் நியாயம் உண்டு: வாத்தியத்தின் அதிர்வு பல், தாடை வழியாக ஏறி, அடைபட்ட காதுக்குள் குமுறும், தங்கள் சுருதியையே அவர்களால் சரியாகக் கேட்க முடியாது. காதுக் குழாயின் எலும்புப் பகுதி வரை ஆழமாகப் பதியும் அடைப்பான் அந்தக் குமுறலைக் குறைக்கும். அது பழகவும் சில வாரங்கள் ஆகும் என்பதால், போட்டி நாளன்று முதன்முறையாக அணியக் கூடாது.

ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பவருக்கு இடக் காதும், பிக்கோலோ என்னும் சிறிய புல்லாங்குழல் வாசிப்பவருக்கு வலக் காதும் கூடுதலாகச் சத்தம் வாங்கும். பாடகர் குழுவினருக்கு இந்த ஆபத்து பொதுவாகக் குறைவு. அவர்கள் குரல் நாண்களைக் காப்பது தனியே எழுத வேண்டிய பொருள்.

டெக்சாஸில் பள்ளிகள் வழக்கமாக நடத்தும் செவிச் சோதனை 7ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதில் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளையே பார்க்கிறார்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு 3000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்குள் முதலில் தெரியும் என்பதால், 6000இல் மட்டும் கேட்கும் திறன் குறைந்து செவி வரைபடத்தில் விழுந்த பள்ளத்தை அந்தச் சோதனை காட்டாது. அந்தப் பையனின் வலக் காதில் நான் கண்டது அப்படிப்பட்ட ஒரு சிறிய பள்ளம். அவன் பேண்டில் தொடர்கிறான், காதடைப்பானோடு. ஆண்டுக்கொரு முறை, கோடைப் பயிற்சி தொடங்கும் முன் சோதனைக்கு வருகிறான். பருவத்தின் நடுவே சோதிக்க நேர்ந்தால் ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் பிள்ளையை அழைத்து வராதீர்கள். குறைந்தது 14 மணி நேரமாவது பெருஞ்சத்தம் எதுவும் கேட்காமல், ஹெட்போனும் அணியாமல் இருந்த பிறகே செவியின் உண்மையான நிலை தெரியும்.