உள்ளடக்கிய கல்வியா, உள்ளடங்கிய கல்வியா?

குறைபாடு உள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கிற இன்க்ளூசிவ் எஜுகேஷனைச் சிலர் உள்ளடக்கிய கல்வி என்று எழுதுகிறார்கள், சிலர் உள்ளடங்கிய கல்வி என்று. க் போய் ங் வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று நானும் ரொம்ப நாள் விட்டுவிட்டேன். ஆனால் அடங்குவது தன்வினை, அடக்குவது பிறவினை. உள்ளடங்கிய என்றால் பிள்ளைதான் வந்து வகுப்புக்குள் எப்படியோ பொருந்திக்கொள்ள வேண்டும். உள்ளடக்கிய என்றால் பள்ளிக்கூடம் இடம் செய்து பிள்ளையை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் க் பக்கம்.

(அடக்கு என்றதும் பிரம்பு நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். மூலச்சொல் மட்டும் என்ன யோக்கியம்? லத்தீனில் இன்க்ளூதெரே என்றால் உள்ளே வைத்து அடைப்பது.)

முன்பு புழங்கியது ஒருங்கிணைந்த கல்வி. 1974-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயரிலேயே இன்டக்ரேட்டட் இருந்தது. பள்ளி இருந்தபடி இருக்கும், சமாளிக்கிற பிள்ளை வந்து சேரலாம், நடைமுறையில் அதுதான் பொருள். 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாட்டு அரசுகளின் பிரதிநிதிகள் கூடி வெளியிட்ட பிரகடனத்துக்கு அப்புறம் இன்க்ளூசிவ் பரவலானது. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கு விளக்கமே இருக்கிறது: குறைபாடு உள்ள மாணவரும் இல்லாத மாணவரும் சேர்ந்து படிப்பது, கற்பிக்கும் முறையையும் அவர்கள் தேவைக்கேற்ப மாற்றியமைப்பது. இரண்டாம் பாதியைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். பழைய சொல்லுக்கே திரும்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை, தமிழ்நாட்டில் சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று பெயர் வைத்தாயிற்று.

இலங்கைத் தமிழில் உட்படுத்தல் கல்வி என்பார்கள். அதுவும் பிறவினை, சரிதான், ஆனால் நம் காதுக்கு விசாரணைக்கு உட்படுத்துவது போலக் கேட்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் சாய்தளம் உண்டு. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அங்கே இரண்டடி உயரத்தை ஆறடியில் முடித்துவிட்டார்கள், சறுக்குமரம்தான். அங்கே படிக்கிற ஒரு மாணவியின் சக்கர நாற்காலியை இரண்டு பையன்கள் பின்னாலிருந்து தள்ள, ஒருத்தி முன்னாலிருந்து இழுக்க, ஏறிவிடுகிறது. சிறப்புப் பயிற்றுநர் வருகிற நாளில் அந்த மாணவியை அவரிடம் விட்டுவிட்டு வகுப்பாசிரியர் பாடத்தைத் தொடர்கிறார். சத்துணவுக் கூடத்துக்கு மூன்று படிகள், சாய்தளம் கிடையாது. மத்தியானம் எல்லாரும் அங்கே போனபிறகு அவள் தட்டு மட்டும் வகுப்புக்கு வருகிறது, பாதி நாள் முட்டையை மறந்துவிட்டு.