மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். டிக்கியைத் திறந்தால் பேஸ் அடிக்கும் பன்னிரண்டு அங்குல ஊஃபர் ஸ்பீக்கர் இரண்டு, அவற்றை ஓட்டும் ஒரு ஆம்ப், பக்கத்தில் நீல விளக்கு மின்னும், கொஞ்சம் கரன்டைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர். பானட்டுக்குள் புத்தம் புது பேட்டரி. "அண்ணே, ஆறு மாசத்துல இது ரெண்டாவது. இதைவிடப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது, அரைமணி நேரத்தில் ஆம்ப் தானாக அணைகிறது, காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. யாராவது மீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த மாதத்தில் இது நாலாவது வண்டி. காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் ஆம்ப் அணைந்தால் பேட்டரியை மாற்றுவது என்பது தலைவலிக்கு மொட்டை போடுகிற மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது.

ஊருணியை வைத்துச் சொன்னால் நம் ஊரில் புரியும். பேட்டரி ஊருணி. ஆல்டர்னேட்டர், அதாவது நாம் இன்னமும் டைனமோ என்று சொல்கிறோமே அது, மழை. ஒயரும், கரன்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் எர்த்தும் வரத்துக்கால். வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது ஊருணியை இன்னும் அகலமாக வெட்டினால் என்ன கிடைக்கும்? பெரிய காலி ஊருணிதான் கிடைக்கும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடினால் டெர்மினலில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். அந்த அளவு இருக்கும்வரை பேட்டரி எதையும் கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. ஓடுகிற வண்டியில் உங்கள் ஊஃபரை அடிக்க வைப்பது டைனமோ. வோல்ட் பன்னிரண்டரைப் பக்கம் இறங்கினால்தான் பேட்டரி கை கொடுக்க வருகிறது. அப்படி வந்துவிட்டால் வரவைவிடச் செலவு கூடிவிட்டது என்று பொருள். புதுப் பேட்டரி போட்டதும் ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும். கடையில் ஏற்றிக் கொடுத்த சார்ஜ் தீர எடுக்கும் காலம் அது. தீர்ந்ததும் பழைய கதை. உடனே "கம்பெனி சரியில்லை" என்று பேட்டரிக்காரனைத் திட்டுவோம்.

தேவகோட்டைத் தம்பியின் வண்டிக்கு வருவோம். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைப் போட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டேன். பேட்டரியில் 12.4. இங்கேதான் பலர் "டைனமோ போச்சு" என்று கழற்ற ஆரம்பிப்பார்கள். நான் மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பின்னால் இருக்கும் பெரிய போல்ட்டிலும் கறுப்பு முனையை டைனமோவின் உடம்பிலும் வைத்தேன். 14.3. டைனமோ தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அப்படியானால் இடையில் 1.9 வோல்ட் எங்கே போகிறது? டைனமோ போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு 0.2. பரவாயில்லை. டைனமோ உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 1.7. அங்கே 0.2-க்கு மேல் போகவே கூடாது.

குனிந்து பார்த்தால், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் ஸ்ட்ராப், அதாவது செம்புப் பட்டை, பச்சை பூத்துக் கிடக்கிறது. விரலால் நிமிண்டினால் செம்பு இழைகள் பொடியாக உதிர்கின்றன. அதைக் கழற்றினால் அடியில் பளபளவென்று பெயிண்ட். எப்போதோ இடித்து டிங்கரிங் செய்தபோது போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு அதன்மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். செல்ஃப் இழுத்ததும் இதனால்தான். செல்ஃபுக்குப் போகும் கரன்ட் திரும்பி வர வேண்டியதும் அதே வழிதானே. அது இழுத்ததைப் பார்த்துத்தான் "பேட்டரி வீக்" என்று இரண்டு முறை தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரியும்வரை தேய்த்து, 25 சதுர மில்லிமீட்டரில் புது ஸ்ட்ராப் போட்டேன். அதே பாட்டு, அதே ஏசி, பேட்டரியில் 14.1. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, முழுச் சத்தம் வைத்தால் ஹெட்லைட் லேசாக மங்கத்தான் செய்யும். அது அந்த டைனமோவின் வரம்பு, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த வரம்பையும் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே ஆயிரம் வாட் தரும், கரன்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப், முழு வீச்சில் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டு எப்போதும் முழு வீச்சில் ஓடாது, சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன கார்களின் டைனமோவோ பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர்தான், ஐடிலில் அதுவும் வராது, சித்திரை வெயிலில் சூடேறினால் இன்னும் குறையும். "அண்ணே, எங்கிட்ட மூவாயிரம் வாட்" என்று வருபவர்கள் ஆம்பில் சொருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 60 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போவதே 830 வாட்தான். மீதி வாட் எல்லாம் அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

கெப்பாசிட்டர்காரர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4-லிருந்து 12.4 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது 27 ஜூல். அந்த ஆயிரம் வாட் ஆம்புக்கு அது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வரும். கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும், அப்புறம் அதையும் டைனமோதான் நிரப்ப வேண்டும்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு "ஙொய்ங்" சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவுக்குள் இருக்கும் டயோடு பிளேட்டைச் சந்தேகப்படலாம். காட்டாவிட்டால் பெரும்பாலும் எர்த் கோளாறு. ஸ்டீரியோ ஒரு இடத்திலும் ஆம்ப் வேறு இடத்திலும் எர்த் எடுத்திருக்கும்.

இனித் திட்டப்போகிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி அணையலை, டைனமோ நல்லாருக்கு" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுத் தொலையுங்கள். பழைய அம்பாசிடரில் கெட்டுப்போக ஈசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், கிடையாது. இன்றைய வண்டியில் கழற்றிய நொடியில் வோல்ட் எகிறும், ஈசியு போய்விடலாம், ஆம்பும் சேர்ந்து போகலாம். மீட்டர் சில நூறு ரூபாய். ஈசியு விலையைக் கேட்டுப் பாருங்கள்.

புது மாடல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மைனஸ் டெர்மினலிலேயே சின்னதாக ஒரு கறுப்புச் சென்சார் இருந்தால் ஆம்பின் எர்த்தை நேராக டெர்மினலில் மாட்டாதீர்கள், பாடியில் மாட்டுங்கள். டெர்மினலில் மாட்டினால் ஆம்ப் இழுப்பது சென்சாருக்குத் தெரியாமலே போகும். இந்த வண்டிகளில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று சார்ஜைக் குறைக்கும் நேரமும் உண்டு. 12.8 பார்த்துப் பதறாமல் ஹெட்லைட் போட்டு மறுபடி பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு கேஸ் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பெரிய வீடுகளில் ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கார் ஷெட்டில் இருக்கும். கல்யாணம், திருவிழா என்று வந்தால்தான் எடுப்பார்கள். ஆம்பை எழுப்பிவிடும் ரிமோட் ஒயரை எப்போதும் பவர் இருக்கும் லைனில் யாரோ முறுக்கிவிட்டிருப்பார்கள். ஷெட்டுக்குள் ஆம்ப் இரவு பகலாக விழித்திருக்கும். வண்டியைப் பூட்டி அரைமணி கழித்துப் பார்த்தால் பேட்டரியிலிருந்து போகும் கரன்ட் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஒரு ஆம்பியர் போனால் 35 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்றரை நாளில் காலி. காலியாகவே மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரி அப்புறம் சார்ஜ் பிடிக்காது. ஆச்சியோ வீட்டு டிரைவரைக் கோபித்துக்கொள்வார், பாவம் அந்த டிரைவர் என்ன செய்வார்! ஊருக்குக் கிளம்பும்போது மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், அது போதும்.

கடைசியாக ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் சிவப்பு ஒயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைக் காக்கும், ஒயரைக் காக்காது. பாடித் தகட்டின் ஓட்டையில் உரசி ஒயர் தேய்ந்தால் பேட்டரி முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும், கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். தம்பியின் வண்டியிலும் அந்த ஃபியூஸ் இல்லை. இன்று சாயங்காலமே பானட்டைத் தூக்கிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சிவப்பு ஒயரை மட்டும் பேட்டரியிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, காலையில் எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் போங்கள்.