லிப்போசோம்: கொழுப்பு உடலா, நுண்பையா?

கொழுப்பாலான சுவருக்குள் சரக்கை அடைத்து வைக்கும் நுண்ணிய பைதான் லிப்போசோம்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்கத்தில் 'லிபோஸ்' என்றால் கொழுப்பு, 'சோமா' என்றால் உடல். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாப்ரஹாமில் அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர், பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகையைத் தண்ணீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். அவை தாமாகவே சுருண்டு மூடிக்கொண்டு, உள்ளே தண்ணீரை அடைத்து வைத்திருந்தன. சக ஆய்வாளர்கள் இவற்றை 'பாங்கசோம்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. லிப்போசோம் என்ற பெயர் 1968-இல் ஜெரால்ட் வெய்ஸ்மன் குழுவின் கட்டுரை வழியே நிலைத்தது.

அப்படியென்றால் தமிழில் 'கொழுப்பு உடலம்' என்று சொல்லிவிடலாமா? கூடாது. பூச்சிகளின் உடலில் கொழுப்பைச் சேமிக்கும் உறுப்புக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. லிப்போசோமிலோ கொழுப்பு வெறும் சுவர்தான்; சரக்கு உள்ளே இருக்கிறது, கொழுக்கட்டைக்குள் பூரணம் போல. 'குமிழி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதிலும் முழுத் திருப்தியில்லை, குமிழி என்றதும் காற்றுதான் நினைவுக்கு வரும். 'கொழுமிய நுண்பை' பொருந்துகிறது. லிப்பிடுக்குக் கொழுமியம் என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. பை என்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

மீன் வளர்ப்பில் இந்தப் பைக்கு என்ன வேலை? 2003-இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியில் கோய் ஹெர்பெஸ் வைரஸ் தாக்கி, வளர்ப்புக் கெண்டைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆயிரக்கணக்கான மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது பெரும்பாடு, சின்னக் குஞ்சுகளுக்கோ அறவே ஆகாது. சரி, தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலக்கலாம் என்றால், நோயெதிர்ப்பைத் தூண்ட வேண்டிய புரதம், அதை உறிஞ்சும் பின்குடலுக்குப் போய்ச் சேருமுன்பே செரித்துவிடும். அதனால் ஜப்பானிய ஆய்வாளர்கள் செயலிழக்கச் செய்த வைரஸை நுண்பைகளில் அடைத்துத் தீவனத்தோடு கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வந்த அந்த ஆய்வில், அதைத் தின்ற கெண்டைகள் நோயை எதிர்த்து நின்றன.

குறையும் உண்டு. பித்த உப்பு இந்தச் சுவரைக் கரைக்கும், தீவனம் தயாரிக்கும் சூடும் அதற்கு ஆகாது. செலவும் கூடுதல்.

அப்புறம் இன்னொரு சொல்: தீவனத்தில் கொடுப்பதைத் 'தடுப்பூசி' என்று எழுதுகிறோமே, அதில் ஊசி எங்கே? 'தடுப்பு மருந்து' என்றே எழுதலாம்.